ஐந்து வாரம், ஒரு கான்கிரீட் சோதனைக்கூடம்: சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு மதிப்புரை

மூன்றாம் ஆண்டு முடித்த கோடையில் எங்கே இன்டர்ன்ஷிப் போவது, நீங்கள் போன இடம் எப்படி என்று கேட்டு ஜூனியர்கள் நாலைந்து பேர் மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியில் பதில் சொன்னால் எனக்குத் திருப்தியாக இருக்காது. அதனால் மொத்தமாக எழுதுகிறேன்.

நான் இருந்தது திருச்சியில், கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் ஒரு லேப். வெளியே இருந்து பார்த்தால் லேத் பட்டறை என்றுதான் நினைப்பீர்கள். முன்னால் ஓர் ஆபீஸ் அறை, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை, அதன் ஓரமாக மூன்று தண்ணீர்த் தொட்டிகள். வேலை பார்ப்பவர்கள் ஐந்தே பேர். பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் நடத்துகிறார். குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால் லேப்பின் பெயரை இங்கே போடவில்லை. நேரில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

மே 19 முதல் ஜூன் 20 வரை, ஞாயிற்றுக்கிழமைகளும் பக்ரீத் விடுமுறையும் போக 28 நாள் போனேன். கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. எங்கள் ஊர் முசிறி. அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போக வர 60 ரூபாய் போல ஆகும். சத்திரத்திலிருந்து லேப்புக்கு டவுன் பஸ், அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என் கணக்குக்கு வருகிறது. பஸ் செலவில் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. காசு விவரத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்து படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான், கேட்க வேண்டியதும் இதைத்தான்.

போன வருடக் கோடையில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பயிற்சி மையத்தில் 3500 ரூபாய் கட்டி 15 நாள் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்தேன். மூன்று நாள் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். நான்காம் நாள் சைட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள், கூட்டிப்போகவில்லை. பதினைந்தாம் நாள் கெட்டியான தாளில் சான்றிதழ் வந்தது. அந்தப் பணம் அப்பா மூன்றரை நாள் வேலை பார்த்த கூலி. அப்பா கொத்தனார். அந்தச் சான்றிதழை அவரிடம் காட்டியபோது அவர் சந்தோஷப்பட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. இந்த வருடம் ஒரு பைசா கொடுத்துப் போகக் கூடாது, கையில் சிமெண்ட் படாத இடத்துக்கும் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் தேடினேன்.

சரி, லேப்புக்கு வருவோம்.

முதல் வாரம் முழுக்க மோல்டு கழுவியதுதான் வேலை. கியூப், அதாவது சோதனைக்கான கான்கிரீட் கட்டி, போடும் 150 மில்லிமீட்டர் இரும்புப் பெட்டிகளைப் பிரித்து, ஒட்டியிருக்கும் கலவையைச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் தடவி, திரும்ப போல்ட் முடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. இதற்குத்தானா வந்தோம் என்று மூன்றாம் நாள் தோன்றியது உண்மை. ஆனால் நாலாம் நாள் ஒரு மோல்டின் மூலை சரியாகப் பொருந்தாமல் இருந்ததைக் கவனிக்காமல் முடுக்கிவிட்டேன். அதில் போட்ட கியூப்பின் ஓரம் வழியாகச் சிமெண்ட் பால் ஒழுகி, மறுநாள் பிரித்தால் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி பொத்தல். மிஷின் பார்க்கும் அண்ணன் அதைக் கையில் கொடுத்து, “பாருங்க பாப்பா, இதை அடிச்சா கான்கிரீட்டோட பலம் தெரியாது, நீங்க மோல்டு முடுக்கின பலம்தான் தெரியும்” என்றார். அதற்குப் பிறகு மோல்டு வேலையைக் குறைவாக நினைக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்ற சோதனை, பார்க்க விட்டார்கள். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, கீழே 200, மேலே 100. புத்தகத்தில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். ஆனால் அதைத் தூக்கும்போது கை லேசாகத் திருகினால்கூடக் கலவை ஒரு பக்கமாகச் சரியும் என்பது தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. காலேஜ் லேபில் ஒரு பேட்சுக்குப் பத்துப் பேர், ஒருவர் தூக்க ஒன்பது பேர் நோட்டில் எழுதுவோம். இங்கே ஒரே நாளில் நான் ஆறு தடவை தூக்கினேன். எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலவைக்கும் ஆற்று மணல் கலவைக்கும் உள்ள வித்தியாசம் கைக்கே தெரிய ஆரம்பித்தது. எம் சாண்டின் மணிகள் கூர்கூராக இருப்பதால் அதே அளவு தண்ணீரில் கலவை முரட்டுத்தனமாக நிற்கும். சைட்டில் உடனே கூடுதலாக ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்வது இதனால்தான். அந்த ஒரு குடம் பலத்தில் எவ்வளவு குறைக்கும் என்பதை அடுத்த வாரமே மிஷினில் பார்த்துவிடலாம் என்பதுதான் இந்த இடத்தின் அருமை.

மிஷின் என்றால் கியூப்பை அமுக்கி உடைக்கும் மிஷின், 2000 கிலோநியூட்டன் வரை போகும். மூன்றாம் வாரத்திலிருந்து அதன் பக்கத்தில் நின்றேன். தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடு கியூப்பை வைக்க வேண்டும், கரணையால் தேய்த்த மேல்பக்கம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். எம் 20 கான்கிரீட் என்றால் 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், அதாவது கியூப்பின் 22,500 சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு 450 கிலோநியூட்டன் வரையாவது தாங்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போகும். 400-ஐத் தாண்டும்போது கொட்டகையில் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஒரு சத்தம். நல்ல கியூப் நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கும். “உடுக்கை வந்துச்சு, நல்ல உடைப்பு” என்பார் அண்ணன். எங்கள் பாடப் புத்தகத்தில் அந்த வடிவத்துக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது. இனிமேல் எனக்கு அது உடுக்கைதான்.

இந்த லேப்பை நான் ஏன் இவ்வளவு உயர்த்திச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு சம்பவம்.

ஒன்று என்னுடையது. மிஷின் 447 காட்டியது. நான் ரெஜிஸ்டரில் 450 என்று எழுதினேன். ஏமாற்றும் எண்ணம் இல்லை, முழு எண்ணாக இருக்கட்டும் என்று கை தானாக எழுதிவிட்டது. சார் சாயங்காலம் ரெஜிஸ்டரைப் பார்க்கும்போது மிஷினின் பதிவோடு ஒப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. 447-ஐ 22.5-ஆல் வகுக்கச் சொன்னார். 19.87 வந்தது. 450-ஐ வகுக்கச் சொன்னார். 20. “இந்த மூணு கிலோநியூட்டன் யாரோடது? கான்கிரீட்டோடதா, உன்னோடதா?” என்று கேட்டார். எழுதியதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வைத்தார். அந்தப் பக்கம் இப்போதும் ரெஜிஸ்டரில் இருக்கும்.

இரண்டாவது, ஒரு ஒப்பந்ததாரர் கொண்டுவந்த மூன்று கியூப். 21.3, 22.0, 16.9. சராசரி 20.07 வருகிறது, எம் 20-க்குப் பாஸ் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-இன்படி மூன்றில் எந்த ஒன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 20.07-இல் 15 சதவீதம் குறைத்தால் 17.06. நம்முடைய 16.9 அதற்கும் கீழே. ஆக அந்த முடிவு செல்லாது. வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். 16.9-ஐ 17.9 என்று போட்டால் எல்லாருக்கும் வேலை முடிந்துவிடும், ஒரே ஓர் எண்தானே என்றார். சார் டீ வாங்கிக் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார், எண்ணை மட்டும் மாற்றவில்லை. அந்த ஆள் அப்புறம் வரவில்லை. லேப்புக்கு ஒரு வாடிக்கையாளர் போனார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு இதே நினைவு.

அந்த பஸ் வழியும் இதற்குச் சம்பந்தமுள்ளதுதான். முசிறியிலிருந்து குணசீலம், வாத்தலை வழியாகத்தான் போவேன். வாத்தலைக்குப் பக்கத்தில் முக்கொம்பு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தின் பழைய கதவணையில் மதகுகள் தண்ணீரோடு போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் பள்ளியில் வேறு பேச்சே இல்லை. 1836-இல் கட்டியது, இத்தனை வருடம் நின்றதே பெரிசு என்று சிலர் சொன்னார்கள். நிற்கிறதா என்று யாராவது தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாமா என்று எங்கள் அறிவியல் டீச்சர் கேட்டார். நான் சிவில் எடுத்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம். இந்த ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். என் கடைசி வாரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து காவிரியில் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

குறைகளைச் சொல்கிறேன். முதல் பெரிய குறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. பக்கத்து வீட்டு அம்மா நல்லவர், அவர் வீட்டுக்குத்தான் போய்வந்தேன். அவர் ஊருக்குப் போன இரண்டு நாளும் ரொம்பக் கஷ்டம், தண்ணீர் குடிக்காமலே இருந்தேன். கடைசி நாள் சாரிடம் இதை நேராகவே சொன்னேன். அடுத்த ஆள் வருவதற்குள் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். சேரப் போகிற பெண் பிள்ளைகள் போன் செய்து கட்டியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு போங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். இரண்டாவது, மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. பதினோரு மணிக்கு மேல் தலை சுற்றும். பருத்தித் துணியும் மோர் பாட்டிலும் இல்லாமல் போகாதீர்கள். மூன்றாவது, யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுக்க மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் 28 நாளும் மோல்டு கழுவிவிட்டு வரலாம், அப்படியே வந்த ஒரு பையனையும் பார்த்தேன். ஸ்ட்ரக்சுரல் டிசைன், சாஃப்ட்வேர் இதில்தான் ஆர்வம் என்றால் இந்த இடம் உங்களுக்கு வேண்டாம். இங்கே கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதில் ரிப்போர்ட் அடிப்பார்கள்.

போவதற்கு முன் ஐஎஸ் 456, ஐஎஸ் 516 (கான்கிரீட் சோதனை), ஐஎஸ் 383 (ஜல்லி, மணல்) மூன்றையும் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் இலவசமாகவே எடுக்கலாம். நான் பாதியில்தான் படித்தேன். முதல் இரண்டு வாரம் பார்த்தவற்றில் பலவற்றுக்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது.

இனி நான்காம் ஆண்டு. லேப்புக்குப் போவதற்கு முன் என் திட்டம் எல்லோரையும் போலத்தான் இருந்தது: பிப்ரவரியில் கேட் (GATE) தேர்வு, நடுவில் எந்தக் கம்பெனி வந்தாலும் பிளேஸ்மெண்ட், சீனியர்களின் புராஜெக்டைக் கொஞ்சம் மாற்றி ஒரு புராஜெக்ட். கேட் இப்போதும் உண்டு. ஆகஸ்டு வாக்கில் விண்ணப்பம் வரும். கான்கிரீட் பகுதியில் இனி பயமில்லை, மண் இயக்கவியல்தான் இன்னும் தடுமாறுகிறது, அதற்குத் தினமும் காலை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கடுத்து டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பத் தேர்வு. நீர்வளத் துறைக்குப் போக வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து உள்ள ஆசை. மாறியது புராஜெக்ட்தான்.

அது லேப்பில் பார்த்த ஒரு விஷயத்திலிருந்து வந்தது. சைட்டிலிருந்து வரும் கியூப்களில் சில எம் 20 என்று எழுதியிருக்கும், அடித்தால் 35, 38 என்று போகும். எனக்கு ஒரே ஆச்சரியம். அண்ணன்தான் விளக்கினார்: கியூப்புக்கு மட்டும் தனியாக ஒரு சட்டி சிமெண்ட் கூடப் போட்டுக் கலந்து, லேப்புக்கு அனுப்பும் வரை அருமையாகத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். மேலே தளத்தில் கிடக்கும் கான்கிரீட்டுக்கு அந்தக் கவனிப்பு இருக்காது. அப்படியானால் நாங்கள் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் அந்தக் கியூப்பைப் பற்றியது, வீட்டைப் பற்றியது இல்லை.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன், தளம் போட்டால் எத்தனை நாள் தண்ணி காட்டுவீங்க என்று. “பாத்தி கட்டி தண்ணி நிப்பாட்டச் சொல்லிட்டு வருவோம்மா. வீட்டுக்காரங்கதான் ஊத்தணும். மூணு நாள் ஊத்துவாங்க, அதுக்கப்புறம் மோட்டார் போடலை, கரண்ட் இல்லைன்னு விட்டுருவாங்க” என்றார். ஐஎஸ் 456 சாதாரண ஓபிசி சிமெண்டுக்கே குறைந்தது 7 நாள் கேட்கிறது. வறண்ட வெயில் காலத்திலும், பிபிசி (PPC) மாதிரிக் கலப்புச் சிமெண்டுக்கும் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14. எங்கள் ஊர்க் கடைகளில் வீடு கட்ட வாங்குவது பெரும்பாலும் பிபிசிதான், வீடு கட்டுவதும் பெரும்பாலும் வெயில் காலத்தில்தான். 10 நாள் வேண்டிய இடத்தில் 3 நாள். இதனால் எவ்வளவு பலம் போகிறது என்று அப்பாவிடம் சொல்ல என்னிடம் எண் இல்லை. யாரோ எங்கேயோ வேறு வெயிலில் எடுத்த எண்ணை எடுத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

அதுதான் புராஜெக்ட். அடுத்த மார்ச் முதல் வாரத்தில் ஒரே கலவையில் 18 கியூப். மூன்று மூன்றாக ஆறு கூட்டம்: தண்ணீரே காட்டாதது, 3 நாள், 7 நாள், 10 நாள், 14 நாள், 28 நாளும் தொட்டியில் கிடந்தது. தொட்டியில் போடுவதைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், முசிறி வெயிலில். சிமெண்ட் அரை மூட்டை போதும், ஜல்லியும் எம் சாண்டும் அப்பா வேலை செய்யும் இடத்தில் கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலேஜில் கைடு மேடம் முதலில் “இது ரொம்பச் சாதாரணமா இருக்கே, ஏதாவது சாம்பல், நார் சேர்த்துப் பண்ணலாமே” என்றார். அப்பா சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, முதலில் சின்னதாக ஒரு சோதனை செய்து எண்ணைக் கொண்டு வா என்றார்.

அதை லேப்பிலேயே செய்துவிட்டேன். கடைசி நாள், ஜூன் 20, சாரிடம் அனுமதி வாங்கி எம் 20-இல் ஆறு கியூப் போட்டேன். மோல்டு நானே முடுக்கியது, ஸ்லம்ப் நானே பார்த்தது. பிரித்து எடுத்து மூன்றை அண்ணன் தொட்டியில் போட்டிருக்கிறார். மூன்று கொட்டகைக்கு வெளியே வெயிலில், சாக்கு போர்த்தி 3 நாள் மட்டும் தண்ணீர் விட்டார். மேலே மார்க்கரில் தேதியும் எழுதியிருக்கிறது. இந்த லேப்புக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் நான்கு. கழிப்பறை வந்துவிட்டால் நாலரை.

28-ஆம் நாள் ஜூலை 18, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வகுப்பு இருக்கும், மேடத்திடம் லீவ் சொல்லிவிட்டேன். அப்பாவும் அன்று வேலைக்குப் போகவில்லை. இத்தனை வருடம் கான்கிரீட் போட்டவர் ஒரு கியூப் உடைவதைப் பார்த்ததில்லையாம். ஆறரை மணி பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.